மூட்டம் லிஸ்டைப் போட்டவன் நான்

ஏற்காட்டு மலையில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வைத்து நாடகத்துக்கு வெளிச்சம் போட்ட முதல் ஆள் நான். மறுப்பவர் யாராவது இருந்தால் ஒண்டிக்கடை முக்கில் இருக்கும் என் எலக்ட்ரிக் கடைக்கு நேரில் வரட்டும். டிம்மர் என்ற பொருளை இங்கே ஒருவரும் கண்ணால் பார்த்திராத காலத்தில், மண்தொட்டியில் உப்புத் தண்ணீர் கரைத்து, இரண்டு தகடுகளைத் தொங்கவிட்டு, ஒன்றை ஏற்றி இறக்கி, எங்கள் ஊர் மாரமங்கலத்துப் பண்டிகை நாடகத்தில் ராஜாவுக்குச் சாயங்காலத்தை வரவழைத்தேன். (பிள்ளைகளே, அதைச் செய்து பார்க்காதீர்கள். நான் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால். அது எல்லோருக்கும் இருக்காது.)

உடைந்த எஸ்டேட் ஜீப்பின் ஹெட்லைட்டைக் கழற்றி ஸ்பாட் லைட் செய்தவன் நான். எண்ணெய் டின்னை வெட்டி ஃப்ளட் லைட் செய்தவன் நான். பஸ்ஸின் கூரையில் லைட் ஸ்டாண்டுகளைக் கட்டி, வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துக்கொண்டே மேலே கொண்டுவந்தவன் நான். சேலத்தில் ஒரு மண்டபத்தின் மூலையில் செத்துக் கிடந்த, லைட்டுகளை ஓட்டும் கன்சோல் பொட்டியைத் தூக்கிவந்து, பிரித்துப் பூட்டி உயிர் கொடுத்தவனும் நானே. படித்தது ஐந்தாவது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததே அந்தக் கன்சோல்தான். ரெக்கார்ட், அப்டேட், டிலீட், கோ. அதற்குமேல் இங்கிலீஷ் எனக்குத் தேவைப்படவில்லை.

இவ்வளவையும் தற்பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் செய்ததை நான் சொல்லாவிட்டால் வேறு ஒருவர் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்வார். சொல்லியும் விட்டார். லைட்டிங் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். என் அனுபவம் கோபமாகத்தான் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

ஒரே ஒரு கோ

நடந்தது இங்கே ஒரு எஸ்டேட் ரிசார்ட்டில். ரிசார்ட்டின் பெயரை எழுத மாட்டேன். அவர்கள் என் பெயரை எழுதவில்லை, நான் ஏன் அவர்கள் பெயரை எழுத வேண்டும்? மேனேஜரை மேனேஜர் என்றே சொல்வேன். சென்னையிலிருந்து வந்த லைட் டிசைனரை டிசைனர் என்றே சொல்வேன்.

சவுக்கு மரங்களுக்கு நடுவே கல்லில் ஒரு திறந்தவெளி மேடை கட்டினார்கள். தினமும் சாயங்காலம் விருந்தாளிகளுக்கு ஒரு ஷோ. மலைக்குக் காப்பி வந்த கதை. கீழ்நாட்டிலிருந்து குப்பனூர் வழியாக நடந்தே மலை ஏறிய கூலிக் குடும்பங்களின் கதை. நடித்தவர்கள் ரிசார்ட்டிலேயே வேலை செய்கிறவர்கள். அதில் முக்கியமானவள் செல்வி. பகலில் ரூம் ரூமாகப் படுக்கை விரிப்பு மாற்றுவாள். சாயங்காலம் கையில் அரிக்கேன் விளக்கோடு காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்துவந்து, கல் படிகளில் மேடை ஏறுவாள். அவள் பின்னால் கூட்டம் வரும். அவளுடைய முன்னோர்களே அந்த வழியாக ஏறி வந்தவர்கள்தான். அவளுக்கு யாரும் நடிப்புச் சொல்லித்தரவில்லை.

டிசைனர் தொழில் தெரிந்தவர். இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தானே தலையைத் திருப்பும் மூவிங் ஹெட், பார் லைட் எல்லாம் அவர் தொங்கவிட்ட இடத்தில் நான் ஒரு குறையும் கண்டதில்லை. கியூ என்பதை இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் எந்த லைட் எவ்வளவு எரிகிறது என்பதை ஒரு படம் போலக் கன்சோல் பொட்டியில் பதிந்துவைத்தால் அது ஒரு கியூ. அடுத்த படம் அடுத்த கியூ. கோ பட்டனை அழுத்தினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகும். எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பது ஃபேட் டைம். வரிசையாகப் பதிந்ததெல்லாம் சேர்ந்தால் கியூ லிஸ்ட். டிசைனர் தன் லிஸ்ட் முழுவதையும் கதை சொல்லும் ஆடியோவோடு டைம்கோடில் கட்டிவிட்டார். ஆடியோ ஓடும், லைட் அதன் பின்னாலேயே தானாக ஓடும், ஆள் வேண்டியதில்லை.

"தங்கராஜ், உங்க வேலை ரொம்ப சிம்பிள்," என்றார் என்னிடம். "சாயங்காலம் வந்து பவர் ஆன் பண்ணுங்க. ஒரே ஒரு கோ. அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு ஷோவைப் பாருங்க."

"என்ற பேரு தங்கராசுங்க."

"அதான் சொன்னேன், தங்கராஜ்."

"செரிங்க. பனிமூட்டம் எறங்குச்சுன்னா என்ன பண்றதுங்க?"

"மூட்டம் வந்தா இன்னும் அழகு. சென்னையில இதுக்காகப் புகை மெஷின் வாடகைக்கு எடுக்கறோம். உங்களுக்குக் கடவுள் ஃப்ரீயா குடுக்கறார்."

கடவுள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளவும் கை தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைச் சுவர்

முதலாளி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒத்திகையிலேயே மூட்டம் இறங்கியது. ஏற்காட்டில் அது எறும்பு மாதிரி வராது, கதவைத் திறந்ததும் புகுந்துவிடும். டிசைனரின் ஃப்ரண்ட் லைட் முழுசாக எரிந்தது. மேடைக்கும் முன்வரிசைக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த சுவர் ஒன்று எழுந்து நின்றது. சுவருக்குப் பின்னாலிருந்து கதைக்குரல் மட்டும் வந்தது. "இதோ, விளக்கோடு அவள் வந்துவிட்டாள்" என்றது குரல். படியின் மேல் பளீரென்று ஸ்பாட் விழுந்தது. அங்கே யாரும் இல்லை. மூட்டத்தில் வழி தெரியாமல் செல்வி இன்னும் செடிகளுக்கு நடுவே தடவிக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் சேலத்துக்காரர். வாய் கொஞ்சம் நீளம். "ஏனுங்க, இது ஷோவுங்களா, சோப்புத்தூள் வெளம்பரமுங்களா? வெள்ளையாத் தெரியுதே தவிர ஆளக் காணமே," என்றார்.

டிசைனர் ஹெட்செட்டில், "ஃப்ரண்ட்டை இன்னும் ஏத்துங்க," என்றார். ஏற்றினேன். சுவர் இன்னும் கெட்டியானது.

மலை ரோட்டில் வண்டி ஓட்டும் எவனைக் கேட்டாலும் சொல்வான், மூட்டத்தில் ஹை பீம் போடாதே என்று. கீழே இருந்து புதிதாக வருகிற சுற்றுலாக்காரர்கள் செய்கிற தப்பு அது. கண் தெரியவில்லை என்று வெளிச்சத்தை ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்ற வெளிச்சம் மூட்டத்தில் மோதித் திரும்பி அவர்கள் முகத்திலேயே அடிக்கும். நம் ஆட்கள் ஹெட்லைட்டை இறக்குவார்கள். பம்பருக்குக் கீழே மஞ்சள் லைட்டைப் போட்டுத் தரையைத் தடவிக்கொண்டே போவார்கள். வெளிச்சம் எவ்வளவு என்பது கேள்வியே இல்லை. எந்த உயரத்திலிருந்து, எந்தப் பக்கத்திலிருந்து என்பதே கேள்வி.

இதை டிசைனரிடம் சொன்னேன். "தங்கராஜ், இது தியேட்டர். கொண்டை ஊசி வளைவு இல்ல," என்றார். சொல்லிவிட்டு வேறு வேலை இருக்கிறதென்று சென்னைக்குப் போய்விட்டார்.

அவர் இல்லாத நாட்களில்தான் நான் மூட்டம் லிஸ்டைப் போட்டேன். அவருடைய லிஸ்டைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று. மூட்டம் இறங்கும் சாயங்காலங்களில் மட்டும் உட்கார்ந்தேன். ஃப்ரண்ட் லைட்டைப் பேருக்கு வைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன். பக்கவாட்டில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சள் லைட்டை இறக்கினேன். அதற்கு ஸ்டாண்டுகளை நானே அறுத்துக் குட்டையாக்கினேன். பின்னாலிருந்து வரும் மூவிங் ஹெட் கற்றைகளை ஆட்களின் தலைக்கு மேலே தள்ளிவிட்டேன். ஆள் கறுப்பாக, விளிம்பு மட்டும் மஞ்சளாக, மூட்டத்திலிருந்து பிய்ந்துகொண்டு வருவது போலத் தெரிந்தது. சினிமாக்காரன் லட்சம் கொட்டினாலும் கிடைக்காத படம்.

ஆனால் டைம்கோடு ஒத்துவரவில்லை. ஏனென்று சொன்னது செல்வி.

"மாமா, நான் நடக்கறதுக்கு முன்னாலயே வெளிச்சம் ஓடிப்போயிருதுங்க," என்றாள். "கடைசி பஸ்ஸ தொரத்தறவளாட்ட நான் அது பின்னால ஓடறேன். கையில வெளக்கு வேற. படி நொம்ப வழுக்குதுங்க."

"இனி அது உன்ற பின்னால வரும் கண்ணு," என்றேன். "நீ நெதானமா நட. நீ காலெடுத்து வெச்சாத்தான் வெளிச்சம் நவுரும். நீ நின்னா அதும் நிக்கும்."

"நெசமாலுமா? வெளிச்சம் எனக்குக் காத்திருக்குமா? மேனேஜரே காத்திருக்க மாட்டாருங்களே."

மூட்டம் லிஸ்டில், ஒரு கியூ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் ஃபாலோவும் கிடையாது, டைம்கோடும் கிடையாது. ஆடியோவைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லி, ஒவ்வொரு துண்டையும் என் கோ பட்டனோடு கட்டினேன். முன்பு குரல் சொன்னபடி வெளிச்சம் போனது, வெளிச்சம் போனபடி ஆள் ஓடினாள். நான் அதைத் தலைகீழாக்கினேன். ஆள் முன்னே. ஆளைப் பார்த்து என் விரல். விரலைப் பார்த்து வெளிச்சமும் குரலும். இதை எந்தப் புத்தகத்திலும் பார்த்து நான் செய்யவில்லை. இங்கிலீஷ் புத்தகம் எனக்குப் படிக்க வராது என்பதே இங்கே எனக்கு உதவி.

திரையில் வைத்த சந்தனம்

திறப்பு நாள். முக்கியஸ்தர்கள் வந்திருந்தார்கள். அதனால் கோ பட்டனைத் தானே அழுத்துவதாக டிசைனர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை லைட்டுகளுக்கு மழை உறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க அனுப்பினார். போனேன்.

பூசை இல்லாமல் முதலாளி எதையும் திறக்க மாட்டார். பூசாரி மேடைப் படியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். ஸ்பீக்கருக்கு வைத்தார். டிம்மர் ரேக்குக்கு வைத்தார். நான் ஓட்டும் பொட்டிக்கும் வைத்தார். நான் அங்கே இருந்திருந்தால் ஓரத் தகட்டைக் காட்டியிருப்பேன். டிசைனர் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். பூசாரி எங்கே நெற்றி மாதிரித் தெரிந்ததோ அங்கே, டச் ஸ்க்ரீனின் மேல்பக்கத்தில், தாராளமாக ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

வெயில் காலமாக இருந்தால் அது காய்ந்திருக்கும். அன்று மூட்டம். ஷோ தொடங்கிய கொஞ்ச நேரத்தில், ஈரத்தில் சந்தனம் இளகிக் கீழே வழிய ஆரம்பித்தது. ஸ்க்ரீனுக்கு விரலுக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. வழிகிற வழியில் இருந்த பட்டன்களையெல்லாம் சந்தனம் அழுத்திக்கொண்டே போனது.

மேடையில் விடிந்தது. உடனே இருண்டது. கடைசிக் காட்சியின் நெருப்புச் சிவப்பு வந்தது. மூவிங் ஹெட்கள் சாமி வந்தது போலத் தலையை ஆட்டின. ஜனங்கள் இதுவும் ஷோவில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். நான் ஓடினேன்.

"நான் தொடவே இல்ல," என்றார் டிசைனர். "தானா போகுது. ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்றேன்."

"ரீஸ்டார்ட் பண்ணாதீங்க சார். மேடை முச்சூடும் இருட்டாயிரும். செல்வி படிக்கு வந்துட்டா."

"நீங்க தள்ளுங்க. நான் ஊருக்குப் போனப்ப நீங்கதான் என்னமோ நோண்டி வெச்சிருக்கீங்க."

அவர் கை பவர் பட்டனுக்குப் போய்விட்டது. நான் அந்தக் கையைப் பிடித்தேன். பெரிய மனிதர்கள் முன்னால் பிடித்தேன். மழைத்துளி விழுந்த செல்போன் தானாகவே யாருக்கோ போன் போடுவதைப் பார்த்தவன் நான். வேட்டி முனையால் சந்தனத்தைத் துடைத்தேன். ஸ்க்ரீனை லாக் செய்தேன். மேடை அப்படியே நின்றது. ஆனால் டைம்கோடு எங்கேயோ போய்விட்டது. கதைக்குரல் காப்பிச் செடி பூத்த இடத்தில் பேசிக்கொண்டிருந்தது. செல்வி இன்னும் மலையே ஏறவில்லை.

"எந்திரிங்க சார்," என்றேன்.

எழுந்தார்.

ஆடியோவை நிறுத்தினேன். மூட்டம் லிஸ்டின் முதல் கியூவுக்குப் போனேன். ஜனங்கள் அமைதியாகும்வரை காத்திருந்தேன். படிக்குக் கீழே அரிக்கேன் மட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது. செல்வி ஒரு கால் எடுத்து வைத்தாள். ஒரு கோ. இன்னொரு படி ஏறினாள். இன்னொரு கோ. நடுவில் நின்று விளக்கைத் தூக்கிப் பின்னால் வரும் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். அது ஒத்திகையில் இல்லாதது, அவளாகச் செய்தது. என் விரல் பட்டன்மேல் காத்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பியபோது மஞ்சள் வெளிச்சம் அவள் கன்னத்தில் ஏறியது. ஷோ முழுவதையும் கையால் ஓட்டினேன்.

முடிந்ததும் முக்கியஸ்தர் ஒருவர் மேலே வந்தார். "மூட்டத்தையே நடிக்க வெச்சுட்டீங்க சார்," என்று கையை நீட்டினார். டிசைனரிடம் நீட்டினார். டிசைனர் அந்தக் கையைப் பிடித்து, "தேங்க் யூ," என்றார்.

அவ்வளவுதான். "இவர் செய்தது" என்று பக்கத்தில் நிற்கிறவனைக் காட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் வேட்டியில் சந்தனக் கறையோடு நின்றேன். பூசாரி வந்து, அபிஷேகம் ஆயிடுச்சு, நல்ல சகுனம் என்றார். அவரை மன்னித்துவிட்டேன்.

விரலைப் பதிந்துகொண்டார்கள்

அதற்குப் பிறகு டிசைனர் சில சாயங்காலங்கள் ரிசார்ட்டிலேயே தங்கினார். "நீங்க ஓட்டுங்க தங்கராஜ், நான் சும்மா பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்," என்றார். மனசு மாறிவிட்டார், தொழில் கற்றுக்கொள்கிறார் என்று நினைத்தேன். டீ கூட வாங்கிக் கொடுத்தேன்.

கன்சோலில் லேர்ன் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால், நாம் ஒரு கோவுக்கும் அடுத்த கோவுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடுகிறோம் என்பதைப் பொட்டி அப்படியே பதிந்துகொள்ளும். மறுநாள் நாம் இல்லாமலே அதே இடைவெளியில் ஓட்டும். அவர் அதைப் போட்டிருந்தார். நான் செல்வியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் விரலைப் பதிந்துகொண்டிருந்தார்.

"உங்க டைமிங் பியூட்டிஃபுல்," என்றார் போகிற அன்று. "இனிமே உங்களுக்குச் சிரமம் வேணாம். மெஷின் பார்த்துக்கும்."

மேடைக்குப் போகும் படியின் ஓரத்தில் பெரிய மரப்பலகை ஒன்றை வைத்தார்கள். கதை எழுதியவர் பெயர் இருந்தது. குரல் கொடுத்தவர் பெயர் இருந்தது. ஒளி வடிவமைப்பு, மூட்ட ஒளி வரிசை, நிரலாக்கம் என்று மூன்றுக்கும் எதிரே டிசைனர் பெயர் ஒன்றே. எல்லாவற்றுக்கும் கடைசியில் "உதவி: உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள்" என்று இருந்தது. எலக்ட்ரீஷியன்கள். நான் ஒருத்தன்தான் இருந்தேன். என்னை ஒருமையில் எழுதக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை.

டிசைனருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"லைட் மாட்டின ரிக் என்னோடது. எந்த லைட் எங்கேன்னு போட்ட பிளான் என்னோடது. கன்சோல் ரிசார்ட்டோடது," என்றார். "நீங்க அழுத்தினது ஒரு பட்டன். பட்டன் அழுத்தறவங்களுக்கெல்லாம் பேர் போட்டா லிஃப்ட் ஆபரேட்டருக்கும் போடணும்."

"லிஃப்டு எந்த மாடியில நிக்கோணும்னு ஏறறவங்க சொல்லிருவாங்க சார். மேடையில அத யாரு சொல்றது?"

"லைன் கிளியரா இல்ல, அப்புறம் கூப்பிடறேன்," என்றார். என் பக்கத்தில் லைன் கிளியராகத்தான் இருந்தது.

இன்னொன்றும் நடந்தது. ஷோவின் வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு வருகிற விருந்தாளிகள், மூட்டம் இல்லாத நாளில் வந்துவிட்டு மூட்டம் எங்கே என்று கேட்கிறார்களாம். மேனேஜர் புகை மெஷின் வாங்கிவிட்டார். ஏற்காட்டுக்குப் புகை மெஷின். மாரமங்கலத்துக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அடுத்து குருமொளகுக் கொடிக்குப் பிளாஸ்டிக் காய் கட்டுவாங்களாட்ட இருக்குதுங்க," என்றார். தினமும் புகை, தினமும் என் லிஸ்ட், தினமும் என் விரல், நான் மட்டும் கடையில்.

செல்வி விழுந்தது

நான் இதை நேரில் பார்க்கவில்லை. செல்வி சொன்னதை எழுதுகிறேன்.

அன்று உண்மையான மூட்டம் இறங்கியிருந்தது. புகை மெஷினையும் வழக்கம்போலப் போட்டிருந்தார்கள். இரண்டும் சேர்ந்து கை நீட்டினால் விரல் தெரியவில்லை. செல்வி படி ஏறும்போது செருப்பு வார் கழன்றுவிட்டது. நின்று குனிந்தாள். நான் இருந்திருந்தால் என் விரலும் நின்றிருக்கும். மெஷின் நிற்கவில்லை. அது வேறொரு நாள் செல்வியின் நடைக்கு வெளிச்சம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தபோது வெளிச்சம் மேல்படிக்குப் போய்விட்டிருந்தது. அவள் நின்ற இடம் இருட்டு. மேலே தெரிந்த வெளிச்சத்தைக் குறிவைத்துக் காலை வைத்தாள். அங்கே படி இல்லை.

கணுக்கால் பிசகிவிட்டது. விளக்கு உடைந்தது. கூட்டம் கைதட்டியதாம், நன்றாக நடிக்கிறாள் என்று.

மேனேஜர் போன் போட்டார். "ஏனுங்ண்ணா, நீங்க வந்து கொஞ்சம் செரி பண்ணிக் குடுக்கோணுமுங்க. உங்க லிஸ்டு உங்களுக்குத்தானுங்க தெரியும்."

"என்ற லிஸ்டுன்னு சொல்றீங்களா?"

"ஆமாங்ண்ணா, உங்களுதுதான். யாரு இல்லைன்னா?"

"பலகை இல்லைங்குது. பலகையில பேரப் போடுங்க, அடுத்த நிமிசம் வர்றேன்."

"பலகைதானுங்களே, அடுத்த வாட்டி பெயிண்ட் அடிக்கறப்பப் பாத்துக்கலாமுங்க."

போனை வைத்துவிட்டேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் செல்வி காலில் கட்டோடு பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்க பேருக்குச் சண்டை போடுங்க மாமா, வேண்டாங்கல," என்றாள். "நானே கூட நின்னு பேசறேன். ஆனா என்ற எடத்துல வேற புள்ளைய ஏத்தறாங்க. சின்னப் புள்ளைங்க அது. பகல்லயே அந்தப் படியில தடுக்குது. உங்க கோவத்துக்கு அவ கால ஒடிக்கோணுமா?"

கோபம் என்னுடையது. கால் அந்தப் பெண்ணுடையது. போனேன்.

முதல் வேலையாகப் பதிந்துவைத்திருந்த இடைவெளிகளையெல்லாம் அழித்தேன். புகை மெஷினின் பிளக்கைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்தேன். அன்றிலிருந்து மூட்டம் இறங்கும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்த நாற்காலியில் நான் உட்காருகிறேன். செல்வியின் கால் தேறி அவள் மறுபடி ஏறினாள். படி நடுவில் வேண்டுமென்றே நின்று, பொட்டி இருக்கும் பக்கம் பார்த்தாள். வெளிச்சமும் நின்றது. மூட்டத்தில் அவள் சிரித்தது எனக்கு மட்டும் தெரியும்.

கியூ ஜீரோ

பலகை இன்னும் மாறவில்லை. அதனால் நான் ஒரு வேலை செய்திருக்கிறேன்.

மூட்டம் லிஸ்டின் முதல் கியூவுக்கு முன்னால் ஒரு கியூ சேர்த்திருக்கிறேன். கியூ ஜீரோ. ஷோ தொடங்குமுன் எல்லா லைட்டும் அணையும். ஒரு மூவிங் ஹெட் மட்டும் திரும்பி, சுருங்கி, அந்தப் பலகையின் அடியில், கடைசி வரிக்குக் கீழே காலியாக இருக்கும் மரத்தில் போய் நிற்கும். அங்கே எழுத்து எதுவும் இல்லை. வெறும் வார்னிஷ். விருந்தாளிகள் எல்லோரும் திரும்பி அதைப் பார்ப்பார்கள். அப்புறம்தான் நான் முதல் கோ அழுத்துவேன்.

"அண்ணா, அந்த வெளிச்சம் எதுக்குன்னு வர்றவங்க கேக்கறாங்க. நான் என்னங்க சொல்லட்டும்?" என்று மேனேஜர் வந்து நின்றார்.

"அங்க ஒருத்தர் பேரு விட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"எடுத்துருங்ண்ணா, பாக்க நல்லா இல்ல."

"எழுதுங்க, எடுத்தர்றேன்."

எழுதவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அவருக்குத் துணிச்சல் இருந்தால் அவரே பொட்டியில் டிலீட் அழுத்தலாம். அந்தச் சொல் இங்கிலீஷில்தான் இருக்கிறது, அவர் படித்தவர்தான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது குறைவு. ஆள் முன்னே போகட்டும், வெளிச்சம் பின்னே வரட்டும். மூட்டத்தில் வெளிச்சத்தை ஏற்றாதே, இறக்கு. பூசை என்றால் பொட்டியின் பக்கத்தை விட்டு நகராதே. யாராவது உன் பக்கத்தில் உட்கார்ந்து உன் டைமிங் பியூட்டிஃபுல் என்று சொன்னால், லேர்ன் போட்டிருக்கிறாரா என்று முதலில் பார்.

டிசைனரின் பெயரை அழிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. லைட்டைத் தொங்கவிட்டது அவர். ஒளி வடிவமைப்பு என்பதற்கு எதிரே அவர் பெயர் இருக்கட்டும், நூறு வருடம் இருக்கட்டும். மூட்டத்தில் ஓடுகிற வரிசை என்னுடையது. இடைவெளி என்னுடையது. அவர்கள் மெஷினில் பதிந்து ஓட்டிய விரல் என்னுடையது. "உள்ளூர் எலக்ட்ரீஷியன்கள்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அதற்குக் கீழே, மூட்டம் இறங்கும் நாளெல்லாம் நான் வெளிச்சம் போட்டுக் காட்டுகிற அந்த இடத்தில், தமிழில், மற்றவர்கள் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ அதே அளவில், இப்படி எழுதுங்கள்:

மூட்ட ஒளி வரிசை அமைத்து இயக்குபவர்: தங்கராசு, மாரமங்கலம்.

தங்கராஜ் இல்லை. தங்கராசு.